அவளுக்குத் தங்கை இல்லை

ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

முன்பின் பார்த்திராத ஒருத்தி எடுத்த எடுப்பில் அத்தை என்கிறாளே என்று நினைக்காதீர்கள். முறை அப்படித்தான் வருகிறது. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகம்தானே? நாங்கள் இங்கே சுகம்.

நான் கடலுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். என் அப்பாவைப் பெற்ற பாட்டி சின்ன வயதில் தனியாகக் கப்பலேறி இங்கே வந்து, ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன்பு போய்விட்டார். அவர் வருவதற்கு முன்பு எப்படி இருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஊரின் பெயரும், மரக்கடைக்கு எதிர்வீடு என்பதும் மட்டும்தான் அப்பாவுக்குச் சொல்லியிருந்தார். மேலே ஏதாவது கேட்டால், "அது கிடக்கு, விடு" என்று எழுந்து போய்விடுவார்.

அவராகச் சொன்னது ஒன்றுதான். ஊரில் ஒரு தங்கச்சியை விட்டுவிட்டு வந்தாராம். வெந்நீர் கொட்டி அவளுக்கு இடது முழங்கையில் தழும்பு. யார் காதையாவது பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாளாம். எங்கள் பேருந்து நிலையத்து மெக்கானிக் அந்தப் பக்கம் போனபோது விசாரிக்கச் சொன்னேன். மரக்கடைக்கு எதிர்வீட்டில் வளர்ந்த, தழும்புள்ள அம்மா ஒருவர் இருக்கிறார், அவர் மகள் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார் என்று உங்கள் முகவரியோடு வந்தார். பாட்டியின் தங்கை எனக்குச் சின்னப் பாட்டி. அப்படியென்றால் நீங்கள் அத்தை.

சின்னப் பாட்டியிடம் நான் பேச வேண்டும். பாட்டி எப்படிச் சிரித்தார், யாரோடு சண்டை போட்டார், எதுவானாலும் சரி. பதிலுக்குக் காத்திருப்பேன்.

என் தமிழில் தப்பிருந்தால் அப்பாவைத் திட்டுங்கள், அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 5

பேருந்து ஓட்டுகிறவருக்கு,

சுகம் கேட்டிருந்தீர்கள். சுகம். கடிதம் வேலை இடத்துக்கு வந்தது நல்லதாயிற்று, வீட்டுக்கு வந்திருந்தால் அம்மா கைக்குப் போயிருக்கும்.

உங்கள் பாட்டிக்குத் தங்கை இல்லை. தம்பியும் இல்லை. அவர் ஒற்றைப் பிள்ளை. முழங்கையில் தழும்புள்ளவர் என் அம்மா. என் காதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் தூங்குகிறார்.

அம்மாவுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, அவரைப் பெற்றவள் வேலைக்கென்று கப்பலேறினாள். வழியிலேயே காய்ச்சலில் செத்துப்போனாள், உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். இப்படிச் சொல்லித்தான் அம்மாவை வளர்த்தார்கள், அம்மா என்னை வளர்த்ததும் இதைச் சொல்லித்தான். இந்த ஊரில் கடற்கரை பத்து நிமிட நடை. அம்மா ஒரு நாளும் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. "எங்கம்மா கிடக்கிற தண்ணி" என்பார். உங்கள் கடிதம் வந்த பிறகு யோசிக்கிறேன், அறுபது வருடமாக அவர் வெறும் தண்ணீருக்கு மரியாதை செய்திருக்கிறார். அவள் அங்கே விரிப்பு மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உங்கள் கணக்கில் நான் உங்களுக்கு அத்தை. நிஜக் கணக்கில் அத்தை மகள். உங்கள் அப்பாவும் என் அம்மாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். ஒரு பொய் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தலைமுறை மேலே தூக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். இருபது வயதில் வந்திறங்கிய ஒருத்தி ஊரில் நாலு வயதுத் தங்கை இருக்கிறாள் என்று சொன்னபோது, உங்கள் வீட்டில் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லையா?

இப்படிக்கு,
உங்கள் பாட்டியின் மகளுடைய மகள்


பிப்ரவரி 27

அன்புள்ள அத்தை மகளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேருந்திலேயே வைத்துப் படித்தேன். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிட்டதுகூடத் தெரியவில்லை. அத்தை உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு அத்தை என்று ஒருவர் இருப்பதை எழுதிப் பார்க்கவே புதிதாக இருக்கிறது.

உங்கள் கோபம் புரிகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்கு அடியில், ஜன்னல் இல்லாத இடம். சின்னப் பிள்ளையில் அப்பாவோடு போயிருக்கிறேன். சுவரெல்லாம் வியர்க்கும். இரண்டு பெரிய உருளைக்கு நடுவில் ஈர விரிப்பைக் கொடுப்பார்கள், மறுபக்கம் சூடாகத் தட்டையாக வரும். இரண்டு பேர் நின்று நுனி பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். பாட்டியோடு மடிக்கிற பெண்கள் அலுத்துக்கொள்வார்களாம், எதிரில் இருக்கிறவள் முகத்தையே பார்க்க மாட்டார் என்று. இரத்தக் கறை உள்ள துணியை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். பச்சைத் தண்ணீரில்தான் போக வேண்டும், வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும் என்பார். உங்கள் வேலையில் உங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அப்பாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அப்புறம் பேசுவோம் என்றார். அவருக்குக் கொஞ்சம் இரத்தக் கொதிப்பு, மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி சுகம்.

அத்தையின் படம் ஒன்று அனுப்புவீர்களா?

அன்புடன்,
மாமன் மகள்


மார்ச் 22

மாமன் மகளுக்கு,

அம்மாவுக்குப் போன வாரம் ஒரு கண்ணில் ஆபரேஷன். குனியக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே இன்னும் எதையும் சொல்லவில்லை. படம் அனுப்ப மாட்டேன். கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

நான் பதிலைத் தேடிப் போனேன். அம்மாவை வளர்த்தது அவருடைய பெரியப்பா. அவர் மகள், எனக்குப் பெரியம்மா முறை, இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருக்கிறார். நான் போனபோது கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தைச் சொன்னதும் ஆச்சரியப்படவில்லை. "இத்தனை நாள் இருந்தாளா" என்று மட்டும் கேட்டார். அப்போதே எனக்கு உடம்பெல்லாம் எரியத் தொடங்கிவிட்டது.

அவர் சொன்னது இது. என் தாத்தா மரக்கடையில் வேலை பார்த்தவர், அடுக்கு சரிந்து செத்துப்போனார். கைக்குழந்தையோடு அவள் மச்சாண்டார் வீட்டில் ஒதுங்கினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்குப் பெண் ஆள் எடுக்க ஏஜெண்ட் வந்தான். பிள்ளை உள்ளவர்களை எடுக்க மாட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு ஏறினாள். மிச்சத்தைப் பெரியம்மா வாயாலேயே எழுதுகிறேன்.

"அடுத்த வருஷமே அவ வேலை பார்த்த ஆஸ்பத்திரியில இருந்து ஒரு நர்ஸம்மா வந்தாங்க. பிள்ளையைக் கூட்டிட்டு வரச் சொன்னாளாம். பிள்ளை இல்லைன்னு அங்க சொல்லியாச்சாம், அதனால தங்கச்சின்னு சொல்லி வெச்சிருக்காளாம், யார் கேட்டாலும் அப்படியே சொல்லணுமாம். எங்கப்பாவுக்கு வந்ததே கோபம். 'பெத்ததைத் தங்கச்சின்னு சொல்றவளுக்குப் பிள்ளை எதுக்கு? அவ செத்துட்டான்னு சொல்லிடு'ன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டார். நர்ஸம்மாவை வாசலோட அனுப்பியாச்சு."

மானம் போய்விட்டதாம் பெரியப்பாவுக்கு. சரி, அது மட்டும்தானா என்று கேட்டேன். பெரியம்மா அடுத்த விரலுக்குப் போனார்.

"எங்கம்மாவுக்கு அப்ப வரிசையா பிள்ளைங்க. தொட்டில் ஆட்ட ஆள் வேணுமில்ல."

தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு தூங்கியவர் என் அம்மா. குழந்தை சிணுங்கினால் தூக்கத்திலேயே கால் ஆடும். அந்த விரல் இன்றைக்கும் மற்ற விரல்களை விட்டு விலகி நிற்கிறது, அவருக்குச் சரியாகச் செருப்பு அமைவதில்லை. எங்களிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்லி என்ன ஆகப்போவுது? நல்லாத்தானே வளர்த்தோம்" என்றார். அவர் மருமகள் காபி கொண்டுவந்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

இதை உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். கண்ணாடியைத் துடைத்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு அவர் சொல்வதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
அத்தை மகள்


ஏப்ரல் 30

அன்புள்ள அத்தை மகளுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்குப் புதிய வழித்தடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மேட்டில் ஏறி இறங்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்கு இடுப்பு வலி. அத்தைக்குக் கண் ஆறிவிட்டதா? வெயிலில் வெளியே விடாதீர்கள். அப்பா வெளியூர் போயிருக்கிறார். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமன் மகள்


மே 14

மாமன் மகளுக்கு,

மேடும் பள்ளமும் இருக்கட்டும். முதல் கடிதத்தில் மூச்சு விடாமல் பேசியவர் நீங்கள். இப்போது தபால் அட்டையில் அடங்குகிற அளவுக்கு எழுதுகிறீர்கள். பின்னால் யாரோ நின்றுகொண்டு எழுத வைத்தது போல இருக்கிறது.

இங்கே விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது. போன ஞாயிறு அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "யாருக்கு இத்தனை கடுதாசி எழுதுறே? எழுதும்போது உன் முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு" என்றார். ஒரு கண்ணில் ஆபரேஷன், இன்னொரு கண்ணில் புகை மாதிரித்தான் தெரிகிறது, அதிலும் என் முகம் தெரிந்திருக்கிறது. சொல்லிவிட்டேன். ஆதியோடு அந்தமாக, பெரியம்மா நகம் வெட்டியது வரைக்கும்.

அழுவார், கண்ணுக்கு என்ன ஆகுமோ என்று மருந்தைக் கையில் வைத்திருந்தேன். அழவில்லை. "என்னை என்னன்னு சொன்னா?" என்று கேட்டார். தங்கச்சி என்று, என்றேன். தலையணை உறையை விரித்து மறுபடியும் மடித்தார். பிறகு கேட்டது இதுதான்:

"நீ பொறக்கிறப்போ மூணு நாள் வலியில கிடந்தேன். பக்கத்துல ஒரு பொம்பளை இல்ல. அன்னிக்கு அவ இருந்தாளா?"

இருந்தாள் என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. என் மேல் என்ன கோபம் என்று தெரியவில்லை, யார் மேலாவது வைக்க வேண்டுமே. மறுநாள் காலையில், பல் விளக்கிவிட்டு வந்ததும் வராததுமாக, "எனக்கு ஒரு தம்பி இருக்கான்ல?" என்றார். ஆமாம் என்றேன். "அவனை எனக்கு எழுதச் சொல்லு."

இது ஒன்றைத்தான் அம்மா கேட்கிறார். அவர் வாழ்க்கையில் இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் அப்பா எழுத வேண்டும்.

இப்படிக்கு,
அத்தை மகள்


ஜூன் 10

அன்புள்ள அத்தை மகளுக்கு,

அத்தைக்கு என் வணக்கம். அவர் கேட்டதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒழுங்காக வண்டி ஓட்ட முடியவில்லை.

பின்னால் நின்றது அப்பாதான். அவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி இருமினால் 'சாட்சி இருமினார்' என்று அதையும் மொழிபெயர்ப்பார் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவ்வளவு கறார். அவருக்கு எல்லாம் தெரியும். பாட்டி கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறார். "முதல்ல கேட்டனுப்பினேன், தரல. அப்புறம் உங்கப்பாவைக் கட்டிக்கிட்டேன், இதுக்கு முன்ன கல்யாணமே ஆகலைன்னு சொல்லித்தான். அதுக்கப்புறம் எந்த வாயால உண்மையைச் சொல்றது?" இது பாட்டி சொன்னது. அப்பா அதை மூன்று வருடமாக வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார். நான் தங்கையைத் தேடுகிறேன் என்று குதித்தபோதும் முகவரி வாங்கியபோதும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போன வாரம் சண்டை வந்துவிட்டது.

"எங்கப்பா எங்கம்மாவை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாம வெச்சிருந்தவர். செத்த மனுஷனை இப்ப முட்டாளாக்கச் சொல்றியா? தங்கச்சின்னு அம்மா சொன்னாங்க. அதோட நிக்கட்டும்."

"அவர் செத்துட்டாருப்பா. அத்தை உயிரோட இருக்காங்க" என்றேன்.

எழுந்து போய்க் காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார். நான் விடவில்லை, வாளிக்குப் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். எப்போது என்று மட்டும் கேட்காதே என்றார்.

பாட்டி மேல் எனக்கு இருந்த பாசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைத்தவர். உங்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்தும் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமன் மகள்


ஜூலை 4

மாமன் மகளுக்கு,

சுகம். அம்மாவுக்கு இன்னொரு கண்ணும் ஆபரேஷன் ஆகிவிட்டது. கண்ணாடி கொடுக்க நாளாகும். அதுவரை கண்ணெதிரே வருகிற எழுத்தெல்லாம் நான்தான் படித்துக் காட்ட வேண்டும், மருந்துச் சீட்டு, மின்சார அறிவிப்பு, எல்லாம்.

தபால்காரர் வருகிற நேரத்துக்கு அம்மா தலை வாரிக்கொள்கிறார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கதவைச் சாத்தாமலே உள்ளே வந்துவிடுகிறார். இதை நான் பார்க்காததுபோல இருக்க வேண்டியிருக்கிறது.

பரிசோதனைக் குழாய்களில் பெயர் ஒட்டும்போது இதையே யோசிக்கிறேன். ஏஜெண்டின் மேல் கோபம், அவன் இல்லை. அம்மாவின் பெரியப்பா மேல் கோபம், அவரும் இல்லை. அவள் மேல் மலையளவு கோபம். திரும்பி வந்து வாசலில் நின்றிருக்கலாம் அவள், வரவில்லை. அவளும் போய்விட்டாள். உயிரோடு மிஞ்சியிருப்பது உங்கள் அப்பா ஒருவர்தான். அதனால் எல்லோருக்கும் சேர வேண்டியது அவர் தலையில் விழுகிறது. அது நியாயமில்லை என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் குறையவில்லை.

ரோடு தாண்ட வைத்ததைச் சொன்னது தப்பில்லை. ஆனால் அதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

இப்படிக்கு,
அத்தை மகள்


ஜூலை 30

பேரன்புக்குரிய சித்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலமும் கண்களின் நிலையும் சீராக இருக்க வேண்டுமென விழைகிறேன். நான் இங்கு நலமாக உள்ளேன்.

தாங்கள் என் கடிதத்தை எதிர்பார்த்திருப்பதாக என் மகள் தெரிவித்தாள். காலதாமதத்துக்கு வருந்துகிறேன். என் தாயார் தங்களைப் பற்றி மிகுந்த வாஞ்சையுடன் பேசுவார். தம் தங்கையை உடன் அழைத்து வர இயலாமற்போனது அவருக்கு இறுதிவரை ஆறாத குறையாகவே இருந்தது. அந்தக் காலத்துச் சூழ்நிலைகள் நாம் இன்று அமர்ந்து எடைபோடக் கூடியவை அல்ல. மறைந்தவர்களின் மனம் நோகாதவாறு நடந்துகொள்வதே நம் கடமை எனக் கருதுகிறேன்.

என் தாயார் பயன்படுத்திய கம்பளிச் சால்வை ஒன்றைத் தனியே அனுப்பிவைக்கிறேன். தாங்கள் அதை ஏற்றுக்கொண்டால் மகிழ்வேன்.

தங்கள் ஆசியை வேண்டும்,
அக்காள் மகன்


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல இவ எழுதுறா. ஒரு சொல்லைக்கூடத் திருத்தக் கூடாது, அழகு பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நீ அந்த வேலை பார்த்தவன், உனக்குத் தெரியும்.

நல்லா இருக்கியா? கொதிப்புக்கு மாத்திரை போடுறியாமே, விடாம போடு. எனக்குக் கண்ணு பரவாயில்ல.

சித்தின்னு எழுதியிருக்கே. இவ அதைப் படிச்சிட்டு அப்படியே நிறுத்திட்டா. நான்தான் மேல படின்னேன். எல்லாம் கேட்டேன். எவ்வளவு மரியாதை. என்னை வளர்த்த வீட்டுல ஒரு நாள்கூட யாரும் எனக்கு இவ்வளவு மரியாதை குடுத்ததில்ல. கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கிட்டு, ஜன்னல் வழியா கும்பிடு போட்ட மாதிரி இருந்துச்சு.

அவ என்னைத் தங்கச்சின்னு சொன்னது என்னைக் கூட்டிக்கிறதுக்கு. அதுலயும் எனக்குக் கோபம்தான். பெத்த பிள்ளையைக் கூட்டிக்க வேற வழியே கிடைக்கலையான்னு. கிடைச்சிருக்காது. ஏறுறதுக்கு முன்னாடியே பொய் கேட்டானுங்க, சொல்லிட்டா. நீ எதுக்குச் சொல்றே? உன்னைக் கப்பல்ல ஏத்த மாட்டேன்னு யாரு சொன்னா?

உங்கப்பாவுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு பார்க்கிறே. நல்ல பிள்ளைதான். எனக்கும் ஒரு அப்பா இருந்தார். மரக்கடையில அடுக்கு சரிஞ்சு செத்தவர். முகம் ஞாபகம் இல்ல. படமும் இல்ல. அவர் இருந்ததுக்கு இந்த உலகத்துல நான் ஒருத்திதான் அத்தாட்சி. சித்தின்னு நீ ஒரு சொல்லு எழுதினா அந்த மனுஷன் பொறக்கவே இல்லைன்னு ஆயிடுது. அதை யோசிச்சியா?

சால்வை வந்துச்சு. பிரிக்கல. திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன், உன் பொண்ணு வெச்சிக்கட்டும். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். தேடி வந்தவ அவதான். அவளை ரோடு தாண்ட வெச்சதையும் இவ எனக்கு நேத்து படிச்சுக் காட்டிட்டா. கேட்டதும் வயிறு எரிஞ்சுது. எரியட்டும். அதுக்காக அவகிட்ட இருந்து பிடுங்க முடியுமா?

உன்கிட்ட ஒண்ணுதான் கேக்குறேன். இன்னொரு கடுதாசி போடு. சூழ்நிலை, கடமை எல்லாம் வேண்டாம். அக்கான்னு ஆரம்பி. அதுக்கு அப்புறம் நீ என்ன எழுதினாலும் சரி, திட்டினாலும் சரி, உக்காந்து கேட்டுக்கிறேன். முதல் சொல்லு வேறயா இருந்தா அதுக்கு மேல படிக்காதேன்னு இவகிட்ட சொல்லியிருக்கேன்.

உன் அக்கா